இருண்டுபோன மானிட்டரும் ஊதிப்போன கெப்பாசிட்டரும்

வேலை செய்துகொண்டிருந்த கணினி மானிட்டர் ஒரு நாள் திடீரென இருண்டுவிட்டால், "டிஸ்ப்ளே போயிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அப்படி ஒதுக்கப்படும் மானிட்டர்கள் பலவற்றில் திரைப் பேனல் நல்ல நிலையில்தான் இருக்கிறது; கெட்டிருப்பது அதற்கு மின்சாரத்தையோ வெளிச்சத்தையோ கொடுக்கும் ஏதோ ஒரு சிறு பாகம். அது எந்தப் பாகம் என்பதைப் பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே பெருமளவுக்குக் கணித்துவிடலாம். அதற்குத் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவியன்று. திரையில் படம் எப்படி உருவாகிறது என்ற புரிதல்தான்.

எல்.சி.டி. பேனல் தானாக ஒளிர்வதில்லை. அதன் பின்னால் பேக்லைட் எனப்படும் வெள்ளை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்னால், ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் கடத்தும் இரண்டு போலரைசர் தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் வைக்கப்பட்டிருக்க, அவற்றின் நடுவே மெல்லிய படலமாகத் திரவப் படிகம் நிற்கிறது. முதல் தகட்டைக் கடந்து வரும் ஒளியின் அதிர்வுத் திசையைத் திரவப் படிகம் திருப்பிவிட்டால் அந்த ஒளி இரண்டாவது தகட்டையும் கடந்து நம்மை வந்தடையும். திருப்பாவிட்டால் அங்கேயே தடைபட்டு அந்தப் புள்ளி கறுப்பாகத் தெரியும். எவ்வளவு திருப்புவது என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் கொடுக்கப்படும் மின்னழுத்தம் தீர்மானிக்கிறது. போலரைசர்களும் வண்ண வடிகட்டிகளும் உறிஞ்சியது போக, பேக்லைட்டின் வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே வெளியே வருகிறது. ஆக, படம் உருவாவது ஒரு வேலை, அந்தப் படத்துக்கு வெளிச்சம் கொடுப்பது இன்னொரு வேலை. இரண்டில் ஒன்று நின்றுபோனாலும் மற்றொன்று தொடர்ந்து நடந்துகொண்டிருக்கலாம்.

இந்த ஒரு விவரத்தை வைத்தே முதல் சோதனையைச் செய்துவிடலாம். அறையை இருட்டாக்கிவிட்டு, கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது, இருண்ட திரைக்கு மிக அருகே ஒரு டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் விழும் வட்டத்துக்குள் ஐகான்களின் விளிம்போ மவுஸின் அம்புக்குறியோ, நீரில் கரைந்த மை போல மங்கலாகத் தென்பட்டால், பேனலும் அதற்குப் படச் செய்தியை அனுப்பும் மெயின் போர்டும் சரியாக இருக்கின்றன. அணைந்திருப்பது பேக்லைட் மட்டுமே. இதற்கு எதிர்மாறாக, திரை முழுவதும் மெல்லிய சாம்பல் ஒளியோ வெறும் வெள்ளையோ பரவியிருந்து படம் மட்டும் இல்லையென்றால், பேக்லைட் எரிகிறது, பேனலுக்குச் செய்திதான் போகவில்லை என்று கொள்ளலாம். டி.என். வகைப் பேனல் மின்னழுத்தம் இல்லாதபோது ஒளியைக் கடத்திவிடும் என்பதால் வெள்ளையாகத் தெரியும், ஐ.பி.எஸ்., வி.ஏ. வகைகள் அதே நிலையில் ஒளியைத் தடுத்துவிடும் என்பதால் கறுப்பாகத் தெரியும். ஆகையால் ஐ.பி.எஸ். மானிட்டர் கறுப்பாக இருப்பதைக் கண்டவுடன் பேக்லைட் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இருட்டறையில் திரையின் ஓரங்களில் ஒளிக்கசிவு இருக்கிறதா என்று முதலில் கவனிக்க வேண்டும்.

திரையில் "சிக்னல் இல்லை" என்ற அறிவிப்பு வருவதைப் பார்த்தே பலர் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறார்கள். அந்த எழுத்துகளைக் காட்டுவதற்குப் பவர் சப்ளை, மெயின் போர்டு, பேனல், பேக்லைட் ஆகிய நான்கும் வேலை செய்திருக்க வேண்டும்; எனவே பார்க்க வேண்டிய இடங்கள் கேபிள், மானிட்டரில் தேர்வு செய்யப்பட்டிருக்கும் உள்ளீடு, அல்லது கணினி. படத்தின் நிறம் மாறியிருந்தாலும் முதல் சந்தேகம் கேபிளின் மீதுதான் விழ வேண்டும். பழைய வி.ஜி.ஏ. கேபிளில் 1, 2, 3 ஆகிய மூன்று பின்கள் முறையே சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைத் தனித்தனியே சுமக்கின்றன. மூன்றாவது பின் வளைந்தோ உடைந்தோ போனால் நீலம் வராமல் வெள்ளைப் பக்கமெல்லாம் மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் கருஞ்சிவப்பும் நீலமும் கலந்த சாயல் படியும். சிவப்பு வராவிட்டால் எல்லாம் பசுநீலமாகும்.

கோடுகளைப் பொறுத்தவரை மானிட்டரின் சொந்த மெனுவைத் திறந்து பார்ப்பதே நல்ல சோதனை. அந்த மெனுவை உருவாக்குவது கணினியன்று, மானிட்டருக்குள் இருக்கும் மெயின் போர்டு. மெனு தெளிவாக இருந்து பின்னணியில் மட்டும் கோடுகள் ஓடினால் கோளாறு கேபிளிலோ கணினியின் கிராஃபிக்ஸ் கார்டிலோ இருக்கிறது. மெனுவையும் வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு கோடு நிலையாக நின்றால், புள்ளிகளுக்கு மின்னழுத்தம் கொடுப்பதற்காகப் பேனலின் விளிம்பில் ஒட்டப்பட்டிருக்கும் டிரைவர் சிப்பின் இணைப்பு விட்டுப்போயிருக்கக்கூடும். மின்கடத்தும் நுண்துகள்கள் கலந்த ஒருவகைப் பசைப்படலத்தை வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ஒட்டிய இணைப்பு அது. விளிம்பை விரலால் அழுத்தினால் கோடு மறைவதும் விட்டால் திரும்புவதும் இதனால்தான். இதைத் திரும்ப ஒட்டுவதற்குத் தனி இயந்திரம் வேண்டும். வீட்டில் முயல்வதில் பயனில்லை.

பேக்லைட்டுக்கு வருவோம். ஏறத்தாழ 2010 வரை வந்த மானிட்டர்களில் பென்சிலைவிட மெலிந்த சி.சி.எஃப்.எல். குழல் விளக்குகள் இருந்தன. அவற்றைப் பற்றவைக்க ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும், தொடர்ந்து எரியவைக்கச் சில நூறு வோல்ட்டும் தேவை. இன்வெர்ட்டர் என்ற பகுதி அதைத் தயாரிக்கிறது. ஒவ்வொரு குழலிலும் ஓடும் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் கண்காணித்தபடியே இருக்கும். ஒரு குழல் முதுமையடைந்தாலோ அதன் கம்பி விட்டுப்போனாலோ பாதுகாப்புக்காக எல்லா விளக்குகளையும் அணைத்துவிடும். படம் ஓரிரு விநாடிகள் தோன்றி உடனே இருண்டுவிடும் கோளாறுக்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்தக் குழல்களுக்குள் சிறிதளவு பாதரசம் உண்டு என்பதால் உடைந்தால் வெறுங்கையால் அள்ளக் கூடாது. பின்னால் வந்த எல்.இ.டி. பேக்லைட்டில் பல எல்.இ.டி.க்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று விட்டுப்போனால் அந்தச் சரம் முழுவதும் அணைந்துவிடும். எல்.இ.டி.க்கள் பதித்த பட்டையை மாற்ற வேண்டுமென்றால் பேனலின் ஒளிபரப்புத் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருக்கும். நடுவே ஒரு தூசி விழுந்தாலும் நிரந்தரப் புள்ளியாக நின்றுவிடும். முதன்முறையாகப் பழுது பார்ப்பவர்கள் இதில் கைவைக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் பவர் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை, அல்லது பவர் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது, அல்லது காலையில் பலமுறை அழுத்திய பிறகு ஒருவழியாகத் திரை வருகிறது என்றால், கவனிக்க வேண்டிய இடம் பவர் சப்ளை. வெளியே தனி அடாப்டர் உள்ள மானிட்டரில் வேறொரு நல்ல அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது எளிது. வோல்ட்டும் முனையின் துருவமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆம்பியர் அளவு குறையக் கூடாது. சுமையில்லாதபோது மல்டிமீட்டரில் சரியான வோல்ட்டைக் காட்டும் அடாப்டரும் சுமை ஏறியதும் தளர்ந்துவிடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் மானிட்டரில் 230 வோல்ட் மாறுமின்சாரம் முதலில் டயோடுகளால் நேர்மின்சாரமாக்கப்பட்டு, மின்னூட்டத்தைச் சேமித்துவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட்டாகத் தேங்குகிறது. அதை மாஸ்ஃபெட் என்ற, சுவிட்சாகச் செயல்படும் டிரான்சிஸ்டர் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்ப, மறுபக்கத்தில் மெயின் போர்டுக்கு 5 வோல்ட்டும் பேக்லைட்டுக்கு அதைவிட உயர்ந்த ஒரு வோல்ட்டும் கிடைக்கின்றன. வெட்டப்பட்டு வரும் அந்த மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்தும் வேலையை வெளியீட்டுப் பக்கத்தில் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் இரவும் பகலும் செய்கின்றன. பவர் போர்டில் முதலில் களைத்துப்போவதும் அவைதான்.

அந்தச் சிறிய உருளைக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே எலக்ட்ரோலைட் திரவத்தில் ஊறிய காகிதத்துடன் சேர்த்துச் சுருட்டப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டின் மேல் படிந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய அலுமினிய ஆக்சைடு படலமே உண்மையான மின்காப்பு. வெப்பத்தால் திரவம் மெல்ல உலர்ந்துவர, கெப்பாசிட்டரின் உள்மின்தடை ஏறுகிறது. தடை ஏறினால் அதனுள் உண்டாகும் சூடும் ஏறுகிறது. சூடு ஏறினால் உலர்தல் இன்னும் விரைவாகிறது. உள்ளே வேதிவினையால் உருவாகும் ஹைட்ரஜன் வாயு, உருளையின் தலையை மேல்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தலையில் சிலுவைபோலக் கீறல் போட்டிருப்பது வாயு அதன் வழியே அடங்கி வெளியேறத்தான். நல்ல கெப்பாசிட்டரின் தலை ஒரு நாணயம்போலத் தட்டையாக இருக்கும். கெட்டுப்போனதன் தலையோ விரலால் தடவினாலே தெரியுமளவுக்கு மேடிட்டு, சில வேளைகளில் கீறலோரம் பழுப்புநிறப் பொருக்கு கட்டியிருக்கும். குளிர்ந்த எலக்ட்ரோலைட்டில் மின்தடை மேலும் அதிகம் என்பதால்தான் காலையில் அடம்பிடிக்கும் மானிட்டர் சற்றுச் சூடேறியதும் வேலை செய்கிறது.

1999 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் இந்தக் கோளாறு உலகெங்கும் கொள்ளைநோய்போலப் பரவியது. தைவானில் சில நிறுவனங்கள் தயாரித்த கெப்பாசிட்டர்களின் எலக்ட்ரோலைட்டில், நீர் அலுமினியத்தோடு வினைபுரியாமல் தடுக்கும் சேர்மானம் சரிவர அமையாததால், மதர்போர்டுகளும் மானிட்டர்களும் ஓரிரு ஆண்டுகளிலேயே பழுதடைந்தன. தரமான கெப்பாசிட்டருக்கும் ஆயுள் வெப்பத்தைப் பொறுத்ததே. 10 பாகை செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்கு. 85 பாகையில் 2000 மணி நேரம் தாங்கக்கூடியது 65 பாகையில் 8000 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு 8 மணி நேரம் ஓடினால் 1000 நாள்கள். 105 பாகையில் அதே 2000 மணி நேரம் தாங்கக்கூடியதை அதே 65 பாகைச் சூட்டில் வைத்தால் 32,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 11 ஆண்டுகள். விலையில் சில ரூபாய்கள்தான் வித்தியாசம்.

திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். அதோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதப்பட்ட அந்தப் பெரிய கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். வேலை செய்யும் போர்டு அதை விரைவில் தீர்த்துவிடும், செயலிழந்த போர்டில் அதை எடுத்துச் செலவழிக்க எதுவுமில்லை என்பதால் அங்கேதான் எச்சரிக்கை அதிகம் வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் இரு கால்களையும் இணைத்துப் பொறி பறக்கவிடுவது சிலரது வழக்கம். அது போர்டையும் கையையும் கெடுக்கும். 2 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் காப்புறையுள்ள ஒயர்களை இணைத்து, அவற்றைக் கால்களில் சில விநாடிகள் பிடித்துவிட்டு, மல்டிமீட்டரில் வோல்ட் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகே போர்டைத் தொட வேண்டும்.

கெப்பாசிட்டரை மாற்றும்போது, அதன் கொள்ளளவைக் குறிக்கும் மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அதேயாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்கட்டும். 105 பாகையும் குறைந்த உள்மின்தடையும் கொண்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும். ஒன்று ஊதியிருந்தால் அதே பக்கத்தில் உள்ள மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது, ஏனென்றால் அவையும் அதே வெப்பத்தில் அதே காலம் உழைத்தவை. கழற்றுமுன் போர்டைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். உருளையின் பக்கவாட்டில் ஓடும் பட்டை எதிர்முனையைக் குறிக்கிறது, அதை மாற்றிப் பொருத்தினால் கெப்பாசிட்டர் வெடிக்கக்கூடும். கால்களைப் போர்டோடு பற்றவைத்திருக்கும் ஈயமில்லாத சால்டர் உருக 217 பாகை அளவுக்குச் சூடு வேண்டும். அதன்மேல் 183 பாகையில் உருகும் பழைய ஈயச் சால்டரைச் சிறிது சேர்த்தால் இரண்டும் கலந்து எளிதில் இளகி, போர்டின் செப்புத் தடம் பெயராமல் கால்கள் வெளிவரும்.

ஃப்யூஸ் எரிந்திருந்தால் புதிய ஃப்யூஸை மட்டும் போட்டு முடித்துவிடக் கூடாது. ஃப்யூஸ் பெரும்பாலும் வேறொன்று ஷார்ட் ஆனதால்தான் எரிகிறது. மாஸ்ஃபெட்டையும் டயோடு பிரிட்ஜையும் மல்டிமீட்டரால் சோதிக்க வேண்டும். பழுது பார்த்த போர்டுக்கு முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது, மெக்கானிக்குகள் செய்வதுபோல, 60 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த சீரிஸ் போர்டு வழியாகக் கொடுப்பது மிகப் பாதுகாப்பானது. பின்மூடியைப் பொருத்திய பிறகே பிளக்கைச் செருக வேண்டும். பெரிய கெப்பாசிட்டர் நிரம்பும் அந்தக் கணத்தில் பல்பு ஒருமுறை பளிச்சிட்டு உடனே மங்கிவிட்டால் போர்டில் ஷார்ட் இல்லை என்று கொள்ளலாம்; முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் மிச்சமிருக்கிறது, உடனே பிடுங்கிவிட வேண்டும். பல்பு மங்கியபின் மானிட்டரை நேரடியாக மின்சாரத்தில் இணைத்து, முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, மறுநாள் காலை குளிர்ந்த நிலையில் மீண்டும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். முதல் அழுத்தத்திலேயே திரை வந்தால் மூடியின் எல்லா ஸ்க்ரூக்களையும் முடுக்கிவிடலாம்.