ஹெட்டைக் கழற்றும் முன் கொஞ்சம் பொறுங்கள்

ஒரு பழைய 350 சிசி ஒற்றை சிலிண்டர் மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்தது. வரும்போதே புது பிஸ்டன், புது ரிங், புது வால்வு கைடு எல்லாம் போட்டாகிவிட்டது. 'டிக் டிக்' சத்தம் மட்டும் போகவில்லை. அடுத்து கிராங்க்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அதற்கு முன் இன்னொருவரிடம் காட்டிவிடலாம் என்று வந்தவர், முந்தைய நாளே வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டுப் பளபளவென்று நிறுத்தினார். அந்தப் பளபளப்பால் எனக்கு அரை நாள் வீணானது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சத்தம் என்றதும் எல்லோரும் அது எங்கிருந்து வருகிறது என்று காதை வைக்கிறார்கள். நான் முதலில் கேட்பது, எப்போது வருகிறது என்பதை. இன்ஜின் முழுக்க உலோகம். கீழே தட்டினால் மேலே கேட்கும். காது ஏமாறும் இடம் அது. ஆனால் காலையில் உதைத்ததும் 'கட கட' என்று கேட்டு, சூடேறியதும் அடங்கினால், பெரும்பாலும் தேய்ந்த பிஸ்டன் பேரலில் (சிலிண்டரில்) ஆடுகிறது என்று பொருள். அவசரமில்லை. ஐடிலிங்கில் லொடலொடத்து, ஆக்சிலேட்டர் கொடுத்ததும் காணாமல் போனால் பிரைமரி செயின் (இன்ஜினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின்) தளர்ந்திருக்கலாம். கிளட்ச் லீவரைப் பிடித்ததும் சத்தம் மாறினால் தேட வேண்டிய இடம் கிளட்ச், கியர்பாக்ஸ் பக்கம். ஹெட்டை, அதாவது சிலிண்டரின் மேல்மூடியை, தொடவே வேண்டாம். மேட்டில், பெரிய கியரில், ஆக்சிலேட்டரை முறுக்கும்போது மட்டும் சில்லறை குலுக்குவதுபோல் வந்தால் அது இக்னிஷன் டைமிங் முந்தியிருப்பதாலோ, பெட்ரோல் கலவை மெலிந்ததாலோ, உள்ளே கரி படிந்ததாலோ இருக்கும். இதைச் சத்தம்தானே என்று விட்டுவிட்டு ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

இரண்டாவது, தாளம். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரு சுற்றுதான் சுற்றும். சைலன்சரில் ஒரு துடிப்பு வருவதும் அந்த இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான். ஆகவே ஐடிலிங்கைக் குறைத்து வைத்துக்கொண்டு சைலன்சரின் 'டப்' சத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு டப்புக்கு ஒரு டிக் என்றால் வால்வு, டேப்பெட் (கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் பாகம்), கேம் பக்கம். ஒரு டப்புக்கு இரண்டு என்றால் கிராங்க், கனெக்டிங் ராடு, பிஸ்டன் பக்கம். (இரண்டு டேப்பெட்டும் தளர்ந்திருந்தால் அங்கேயும் இரண்டு கேட்கும். அதனால் இதை மட்டும் நம்பி ஸ்பேனரை எடுக்காதீர்கள்.) டூ ஸ்ட்ரோக்கில் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. ஒருவர் பழைய டூ ஸ்ட்ரோக் ஜாவாவைக் கொண்டுவந்து டேப்பெட்டைக் கொஞ்சம் டைட் செய்து கொடுங்கள் என்றார். அதில் டேப்பெட் இருந்தால் செய்திருப்பேன்.

இதற்குப் பிறகுதான் நீளமான ஸ்க்ரூ டிரைவர். நுனியை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதருகே உள்ள எலும்பில் அழுத்தினால் ஒவ்வொரு இடத்தின் சத்தமும் தனியாகக் கேட்கும். ஓடும் செயினுக்கும் ஃப்ளைவீலுக்கும் பக்கத்தில் இதைக் கொண்டுபோக வேண்டாம்.

தொழிலுக்கு வந்த புதிதில் நான் ஒரு வண்டியின் ஹெட்டை இறக்கி, வால்வு எல்லாம் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்ப ஏற்றினேன். ஏற்றியதும் சத்தம் நின்றுவிட்டது! இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன். மூன்றாம் நாள் வண்டி அதே சத்தத்தோடு திரும்பி வந்தது. ஹெட்டையும் ஃப்ரேமையும் பிணைக்கும் சின்னப் பட்டை ஒன்று உண்டு. அதன் போல்ட் லூஸ். ஹெட்டை ஏற்றும்போது அதையும் முறுக்கியிருக்கிறேன், மறுபடி தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து மட்கார்டு, ஹாரன், ஹெட்லைட் தாங்கி, டேங்க் போல்ட் எல்லாவற்றையும் கையால் அசைத்துப் பார்க்காமல் இன்ஜினைத் தொடுவதில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வந்து, அதைத் தாண்டினால் மறையும் சத்தம் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இன்ஜினை அணைத்து நியூட்ரலில் இறக்கத்தில் உருளும்போதும் கேட்டால் வீல் பேரிங், பிரேக், ஸ்பீடோ கேபிள்.

டேப்பெட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். டிக் டிக் பிடிக்கவில்லை என்று பலர் வால்வுக்கு விட வேண்டிய இடைவெளியே இல்லாமல் முறுக்கிவிடுகிறார்கள். வண்டி அமைதியாகிவிடும், காசு கொடுத்தவரும் சந்தோஷமாகப் போவார். ஆனால் வால்வு தன் சூட்டைப் பெரும்பாலும் இறக்குவது சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையத்தில்) உட்காரும் நேரத்தில்தான். முழுதாக உட்கார முடியாத எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு கருகி, கம்ப்ரஷன் போய்விடும். இரும்பு பேரல் வைத்த பழைய புல்லட்டில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது, வால்வு மூடிய நிலையில், புஷ்ராடு (கேம் பக்கத்திலிருந்து ஹெட்டுக்கு ஏறும் கம்பி) விரலால் சுலபமாகச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. மற்ற வண்டிகளுக்கு மேனுவலில் உள்ள அளவை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வையுங்கள். லேசான டிக் சத்தம் இருந்தால் இருக்கட்டும்.

உடனே வண்டியை நிறுத்த வேண்டிய சத்தம் ஒன்று உண்டு. அடியிலிருந்து, கனமாக, கதவைத் தட்டுவதுபோல் 'தொம் தொம்' என்று வந்து, பாரம் ஏறினால் கூடும். கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் இடத்தில் உள்ள பிக் எண்ட் பேரிங் அடிவாங்குகிறது. வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். உதிரும் இரும்புத் தூள் ஆயிலோடு இன்ஜின் முழுக்கச் சுற்றும். ஆனால் பேரலைக் கழற்றியதும் ராடைப் பக்கவாட்டில் ஆட்டிக் காட்டி, கிராங்க் போச்சு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பக்கவாட்டு ஆட்டம் ஓரளவு இருக்கத்தான் வேண்டும். பிஸ்டன் மேலே நிற்கும் நிலையில் ராடை மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால்தான் வேலை.

சரி, அந்தப் பளபள வண்டி. தாளம் பார்த்தேன், ஒரு டப்புக்கு ஒரு டிக். டேப்பெட் சரியாக இருந்தது. மேட்டில் சத்தம் கூடியது. டேப்பெட் சத்தம் பாரத்துக்கு அப்படி அதிகமாகாது. ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் 'பட் பட்' வேறு. கடைசியில், இன்ஜின் ஆறியதும், சைலன்சர் பைப் ஹெட்டில் சேரும் இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவி உதைத்துப் பார்த்தால் நுரை பொங்கியது. மூட்டு லூஸ், புகை கசிகிறது. அதுவும் துடிப்புக்கு ஒருமுறைதான் டிக் என்னும், அப்படியே டேப்பெட் மாதிரி. கசியும் மூட்டைச் சுற்றி வழக்கமாகக் கறுப்பாகப் புகைக்கறை படிந்திருக்கும், பார்த்த உடனே தெரியும். இவர் அதைத் தேய்த்து மினுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

அதனால் சத்தம் காட்ட வரும்போது வண்டியைக் கழுவாமல் கொண்டுவாருங்கள். முடிந்தால் முதல் நாளே விட்டுவிட்டுப் போங்கள், காலையில் ஆறிய இன்ஜினை நானே உதைத்துக்கொள்கிறேன்.