ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியை நிதானமாகப் பார்ப்பது எப்படி?

பிளஸ் டூ படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "ஒரு வேதிவினை எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று வினைவழிமுறை எழுதும்போது, நடுவில் தோன்றி மறையும் ஓர் இடைநிலைப் பொருளைப் போடுகிறோம். கண்மூடித் திறப்பதற்குள் மறைந்துவிடும் என்கிறார்கள். அப்படியானால் அதைப் பார்த்தது யார், எப்படி?"

அருமையான கேள்வி. குடுவையில் ஊற்றிக் கலக்கினால், கலக்கி முடிப்பதற்குள் அந்தப் பொருள் தோன்றி மறைந்துவிடும். அதனால் குடுவையை விட்டுவிட்டுக் குழாய்க்கு வருவோம்.

1923-ல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜ், ரஃப்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனை எவ்வளவு வேகமாகப் பிடிக்கிறது என்று அளக்க முயன்றார்கள். சில மில்லிநொடிகளில் முடிகிற வினை அது. ஹீமோகுளோபின் கரைசலையும் ஆக்சிஜன் கரைந்த நீரையும் சிறிய கலப்பறைக்குள் பீய்ச்சி, அங்கிருந்து நீண்ட குழாயில் ஓடவிட்டார்கள். திரவம் நொடிக்கு 10 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கலப்பறையிலிருந்து 1 செ.மீ. தள்ளியிருக்கும் திரவத்துக்கு வயது 1 மில்லிநொடி. 5 செ.மீ. தள்ளி, 5 மில்லிநொடி. கடிகாரமே வேண்டாம், அளவுகோல் போதும்!

இதில் என்னை மயக்குவது அடுத்த விஷயம். ஐந்தாம் வகுப்பு அறைக்கு எந்த ஆண்டு போனாலும் பத்து வயதுப் பிள்ளைகள்தான் இருப்பார்கள். பிள்ளைகள் மாறுவார்கள், வயது மாறாது. குழாயின் 1 செ.மீ. புள்ளியும் அப்படித்தான். திரவம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் அங்கே வருவதெல்லாம் 1 மில்லிநொடி வயதுத் திரவமே. ஓட்டம் நிற்காதவரை, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கலாம். ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைகாட்டியில் கண்ணை வைத்துத்தான் அளந்தார்கள்!

ஒரு குழாயும் கண்ணும் இவ்வளவு செய்திருக்க, ஆய்வு நிதி என்றாலே கோடி ரூபாய்க் கருவி வாங்குவது என்று நாம் நினைப்பது எனக்கு வருத்தம் தருகிறது. கண்ணாடி ஊதத் தெரிந்த ஒரு கைவினைஞருக்குச் சம்பளம் தரவும் அந்த நிதியில் இடம் வேண்டும்.

ஒரு சிக்கல் உண்டு. மெதுவாக ஓடும் திரவம் குழாயின் நடுவில் வேகமாகவும் சுவரோரம் மெதுவாகவும் நகரும். ஒரே இடத்தில் பல வயதுகள் கலந்துவிடும். திரவம் சுழித்துக் கொந்தளித்து ஓடினால் இந்த வேறுபாடு பெரிதும் குறையும். அதற்கு வேகம் வேண்டும், வேகத்துக்கு லிட்டர் கணக்கில் கரைசல் வேண்டும். உயிர்களில் வினைகளை விரைவுபடுத்தும் அரிய நொதியை அப்படிக் கொட்ட முடியுமா? பிரிட்டன் சான்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தி, நிறுத்திய இடத்திலேயே நிறமாற்றத்தை ஒளிமின்கலத்தால் பதியும் முறையை வளர்த்தெடுத்தார். கொஞ்சம் கரைசலே போதும். நொதியும் அது தாக்கும் பொருளும் முதலில் ஒன்றாகச் சேரும் என்று 1913-ல் மிக்கேலிசும் மென்டனும் சமன்பாட்டில் எழுதியிருந்தார்கள். பெராக்சிடேஸ் நொதியில் அந்த இடைநிலைச் சேர்மம் உருவாகி மறைவதைச் சான்ஸ் 1943-ல் அளந்தே காட்டினார்.

இன்று பார்ப்பதோடு நிற்பதில்லை. பென்சீன் போன்ற வளையத்தில் லித்தியம் இணைந்த சில ஆரைல் லித்தியம் இடைநிலைகளில், பக்கத்திலுள்ள அணுத்தொகுதி தானாகவே இடம்பெயர்ந்து வேறு சேர்மமாகிவிடும். ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த யோஷிதாவும் தென்கொரியாவின் கிம்மும் தங்கள் குழுக்களோடு 2016-ல் ஒரு நுண்கால்வாய்க் கருவியைச் செய்தார்கள். அதில் இடைநிலை பிறந்து 0.33 மில்லிநொடிக்குள் அடுத்த வினைபொருள் வந்து கலக்கிறது. தொகுதி இடம்பெயர நேரமே கிடைக்காமல், அவர்கள் விரும்பிய சேர்மமே வெளியே வருகிறது.