கோளாறு அடுப்பிலா, சுவரிலா?

இன்டக்ஷன் அடுப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 2000 வாட் என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். விலையையும் வாரண்டியையும் பார்க்கிற அக்கறையோடு இதை யாரும் பார்ப்பதில்லை. 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 வரும். அடுப்பு முழு வேகத்தில் ஓடும்போது அத்தனை ஆம்பியர் உங்கள் சுவருக்குள் இருக்கும் ஒயர் வழியாகப் போயாக வேண்டும். மின்னடுப்பில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி இந்த 8.7-ஐ ஒட்டித்தான் வருகிறது.

நம் வீடுகளில் இரண்டு விதப் பிளக் பாயின்ட் உண்டு. சின்னது 6 ஆம்பியர், பெரியது 16 ஆம்பியர். பழைய பழக்கத்தில் எலக்ட்ரீஷியன்கள் 5 ஆம்ஸ், 15 ஆம்ஸ் என்பார்கள்; பெரியதைப் பவர் பிளக் என்றும் சொல்வார்கள். பெரிய பிளக்கின் பருத்த பின்கள் சின்னப் பாயின்டுக்குள் நுழையாதபடி வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறார்கள். அந்தத் தடையைத் தாண்டுவதற்கென்றே கடையில் ஒரு கன்வர்ஷன் பிளக் தொங்குகிறது. என்னைக் கேட்டால் அதை விற்கவே கூடாது. 8.7 ஆம்பியர் கேட்கிற அடுப்பை 6 ஆம்பியர் தாங்கும் வாயில் மாட்டிவிடுவதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

வேலூரில் இந்தக் கணக்கு கூடுதலாகவே தேவைப்படும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியம் பார்க்க மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறவர்கள், காந்தி ரோட்டையும் அதன் சந்துகளையும் ஒட்டிய லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். ஃபேன், டியூப்லைட், செல்போன் சார்ஜர் என்று நினைத்து ஒயர் இழுத்த அறையில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக அடுப்பு ஓடினால் அந்த பாக்ஸின் மெல்லிய ஒயர்தான் முதலில் சூடாகும். நீளமாக இருக்கிறதே என்று ஒயரைச் சுருட்டி வைத்தால் சூடு வெளியேற வழியில்லாமல் இன்னும் மோசம்.

சரி, பவர் பிளக்கே இருக்கிறது, அதில்தான் மாட்டியிருக்கிறோம். அப்போதும் பிரச்சினை வருகிறதே, ஏன்?

பிளக்கின் பின்னும் சாக்கெட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகடும் முழுப் பரப்பிலும் ஒட்டிக்கொள்வதில்லை. கண்ணுக்குத் தெரியாத சில மேடுகளில் மட்டும் தொடுகின்றன. தகட்டின் பிடி நன்றாக இருக்கும்வரை இந்த இடத்தின் மின்தடை புறக்கணிக்கத் தக்கது. பிடி தளர்ந்தாலோ, தாளிப்பு ஆவியும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்து பித்தளை கறுத்தாலோ தடை கூடும். அது அரை ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் அங்கே பிறக்கும் வெப்பம் கிடைக்கும்: 8.7 தரம் 8.7 தரம் 0.5, ஏறக்குறைய 38 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அதைவிடச் சூடான ஒன்று உங்கள் சுவிட்ச் பாக்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறது. சூடு ஏற ஏறத் தகட்டின் விறைப்பு போகும், பிடி இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். ஒருமுறை தொடங்கினால் தானாக நிற்காது.

இதில் பலருக்கும் புரியாத விஷயம், மின்னோட்டம் மிஞ்சினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. ஏன் விழவில்லை என்பது. எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும்தான். தளர்ந்த இணைப்பு இருந்தாலும் ஓடுவது அதே எட்டு சொச்சம் ஆம்பியர், 16-க்கு உள்ளேதான். கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும், ஏனென்றால் எதுவும் கசியவில்லை. ஆக, சுவரில் பாயின்ட் கருகிக்கொண்டிருப்பதை அறியும் கருவி உங்கள் மூக்கும் கையும்தான். சுவிட்ச், சாக்கெட் செய்யும் சிலவகைப் பிளாஸ்டிக் சூடேறினால் மீன் வாடை போல ஒன்று அடிக்கும். வீட்டில் கருவாடு வறுக்காத நாளில் அந்த வாடை வந்தால் பிளக்கைப் பாருங்கள். அடுப்பு இருபது நிமிடம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, சில விநாடி விட்டு, பிளக்கை உருவி, பின்களை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு பரவாயில்லை. விரல் வைக்க முடியாத சூடோ, சாக்கெட் ஓரத்தில் பழுப்போ இருந்தால் சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழைய கருகல் புதியதையும் கெடுத்துவிடும்.

மாற்றும்போது உள்ளே வரும் ஒயரையும் பார்க்கச் சொல்லுங்கள். பவர் பிளக்குக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் வேண்டும். லைட்டுக்குப் போடும் 1.5 போதாது. பழைய ஆட்கள் 3/20, 7/20 என்று பழைய அளவில் கேட்பார்கள். அதற்கு விளக்கம் தேடுவதைவிட ஒயர் ரோலில் அச்சிட்டிருக்கும் சதுர மில்லிமீட்டரைப் பார்ப்பது சுலபம்.

இப்போது கோடைக்கு வருவோம். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயில் எம்.சி.பி.க்கும் உறைக்கும். அதற்குள் இருக்கும் ஈருலோகத் தகடு சூட்டில் வளைந்துதான் இணைப்பை விடுவிக்கிறது. இதை அளவு பார்த்து அமைப்பது 30 டிகிரி வெப்பநிலையில். மேற்குச் சுவரில் வெயில் வாங்கிக் கொதிக்கும் பெட்டிக்குள் அது முன்கூட்டியே பாதி வளைந்துதான் நிற்கும். அடுப்பு 8.7 ஆம்பியர், மிக்ஸி 750 வாட் என்றால் 3.3, மின்கெட்டில் 1500 வாட் என்றால் 6.5. மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 18.5. விதிப்படி 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒரு மணி நேரத்துக்குள் கட்டாயம் விழவேண்டியது 23 ஆம்பியருக்கு மேல்தான். 18-க்கும் 23-க்கும் நடுவே விழலாம், விழாமலும் இருக்கலாம். அதனால் மார்கழியில் ஒழுங்காக ஓடிய அதே சமையலறை சித்திரையில் அடிக்கடி டிரிப் ஆவதில் மர்மம் ஒன்றுமில்லை. இதற்குச் சிலர் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒயர் மாறாமல் எம்.சி.பி. மட்டும் பெரிதானால், ஒயர் உருகும்வரை அது வேடிக்கை பார்க்கும். கெட்டிலை வேறு லைனுக்கு மாற்றுவதுதான் வைத்தியம்.

அடுப்பின் முகப்பில் எழுத்தும் எண்ணுமாக வரும் பிழைக் குறிகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆனால் அவை சொல்வது பெரும்பாலும் நான்கே விஷயம்: பாத்திரம் இல்லை, வோல்டேஜ் சரியில்லை, உள்ளே சூடு அதிகம், வெப்ப சென்சார் கெட்டுவிட்டது. கடைசி ஒன்றுக்குத்தான் ரிப்பேர் கடை வேண்டும். மற்றவற்றை வீட்டிலேயே முதலில் பார்க்கலாம்.

பாத்திரம் இல்லை என்ற குறி நம் பக்கத்தில் களி கிண்டும்போது அடிக்கடி வரும். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் செம்புச் சுருளில் வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறும் மின்னோட்டம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் இரும்பு அடியில் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்பி, பாத்திரத்தையே சூடாக்குகிறது. பாத்திரம் எவ்வளவு ஆற்றலை வாங்கிக்கொள்கிறது என்று அடுப்பு விடாமல் கவனித்தபடி இருக்கும். கேழ்வரகுக் களியை அழுத்திக் கிண்டப் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஆற்றல் வாங்குவது குறைகிறது, பாத்திரத்தை எடுத்துவிட்டார்கள் என்று அடுப்பு நின்றுவிடுகிறது. கெட்டுப்போகவில்லை. களியை இறக்கி வைத்துக் கிண்ட வேண்டியதுதான். அலுமினியச் சட்டி, கல்சட்டி, மண்சட்டி எதுவும் இதில் ஆகாது. ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் அடியில் உறுதியாக ஒட்டினால் அந்தப் பாத்திரம் சரி.

சூடு அதிகம் என்ற குறிக்குக் காரணம் பல வீடுகளில் அடியில் விரித்த செய்தித்தாள். அடுப்பின் விசிறி கீழிருந்துதான் காற்றை இழுக்கிறது. தாள் எழும்பித் துளையை அடைத்துவிடும். சமையல் முடிந்ததும் சுவர் சுவிட்சை உடனே அணைப்பதும் தவறு. விசிறி இன்னும் கொஞ்ச நேரம் ஓடி உள்ளே இருக்கும் மின்னணுப் பாகங்களைக் குளிரவைக்க வேண்டும்.

ஓ.டி.ஜி. எனும் சிறிய மின் ஓவன் போன்ற தகர உடம்பு உள்ளவற்றில் வேறொரு புகார்: தொட்டால் சுர்ரென்கிறது. அந்தச் சுர், ஆபத்தில்லாத சிறு கசிவா, உள்ளே ஒயர் உரசிப் பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) உடம்பில் ஏறிவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்த்துப் பிரிக்க முடியாது. எப்படியானாலும், கசிவை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த் சரியில்லை என்பது மட்டும் நிச்சயம். தனி வீடுகளில் எர்த் என்பது பெரும்பாலும் வீட்டோரம் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழாய்தான். பாறை மண், பாலாற்றில் வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணல், மழை மாதக்கணக்கில் இல்லை. மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். அது 25 ஓம் ஆகிவிட்டால், பேஸ் நேராக உடம்பில் பட்டாலும் எர்த் வழியே ஓடுவது 230-ஐ 25-ஆல் வகுத்த 9 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அசையாது, ஓவன் உடம்பு உயிரோடு நிற்கும். எர்த் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுவதும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழும் ஆர்.சி.சி.பி. பொருத்துவதும் இதனால்தான். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஆர்.சி.சி.பி.யைப் போடச் சொல்வேன்.

பல மாதம் சும்மா கிடந்த ஓவனைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுந்தால் உடனே பயப்பட வேண்டாம். சூடேற்றும் குழாய்க்குள் இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஐப்பசி மழைக்கால ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம். சர்வீஸ் ஆள் அதைச் சோதித்து உலர்த்திக் கொடுப்பார். ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்துவிட்டு நேரே ஒயர் கொடுத்து உலர்த்தும் வித்தை மட்டும் வேண்டாம்.

நான்கு பர்னர் உள்ள, மேடையில் பதிக்கும் பெரிய அடுப்பு என்றால் 7 கிலோவாட் வரை போகும், 30 ஆம்பியர். அதற்குப் பிளக்கே கிடையாது. மெயினிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., ஈ.பி.யில் பதிவான லோடும் அதற்கேற்ப இருக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து திரும்புகிறவர்கள் அங்கத்திய ரேஞ்சை, அதாவது ஓவனோடு சேர்ந்த பெரிய அடுப்பைக் கப்பலில் கொண்டுவர நினைத்தால் வேண்டாம் என்பேன். அங்கே இரண்டு 120 வோல்ட் கம்பிகளுக்கு நடுவே 240 எடுக்கிறார்கள். அதன் விளக்கும் கடிகாரமும் பெரும்பாலும் 120-ல் ஓடுபவை. நம் ஊரில் அந்த 120 கிடைக்காது.

இனி லோ வோல்டேஜ். காட்பாடி, அணைக்கட்டு பக்கத்துக் கிராமங்களில் மும்முனை மின்சாரம் வந்ததும் கிணற்று மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும். கிளம்பும் கணத்தில் ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அப்போது 230 என்பது 180-க்கு இறங்கினால் கம்பிச் சுருளே சூடேறும் காயில் அடுப்பும் இன்டக்ஷனும் வேறுவேறு விதமாக நடந்துகொள்ளும். காயில் அடுப்பு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மெலியும்: 2000 வாட் 1225 ஆகிவிடும், சோறு தாமதமாக வேகும், அவ்வளவுதான். இன்டக்ஷனில் குறைந்த வோல்டேஜைக் கண்டால் அணைந்துகொள்ளும்படி அமைத்திருப்பார்கள். பலரும் இதைத்தான் அடுப்பு போய்விட்டது என்று நினைத்து ரிப்பேருக்குத் தூக்கிப் போகிறார்கள். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் மாட்டிப் பார்ப்பவர்களும் உண்டு. அது சில நூறு வாட்டுக்குச் செய்தது. முதலில் அதுதான் புகையும்.

வோல்டேஜ் தெருவில் குறைகிறதா, நம் சுவருக்குள் குறைகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன வோல்ட் மீட்டர் எலக்ட்ரிகல் கடைகளில் கிடைக்கும். அடுப்பு மாட்டிய அதே போர்டின் இன்னொரு பாயின்டில் அதைச் செருகி, அடுப்பு அணைந்திருக்கும்போது ஒருமுறை, முழு வேகத்தில் ஓடும்போது ஒருமுறை படியுங்கள். 15 மீட்டர் தூரம் 2.5 ஒயர் என்றால் அதனால் மட்டும் குறைவது 2 வோல்ட். இன்னும் இரண்டு மூன்று குறைந்தாலும் சரி. 15, 20 என்று விழுந்தால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. இப்போது மீட்டரை ஹாலில் செருகி மறுபடி அதையே செய்யுங்கள். ஹாலில் அசைவில்லை என்றால் கோளாறு சமையலறை லைனில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியது. ஹாலிலும் அதே அளவு விழுந்தால் கோளாறு மெயினிலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது: மீட்டர் பெட்டி, சர்வீஸ் ஒயர், கம்பத்து இணைப்பு. இதில் ஈ.பி. ஆட்கள்தான் கை வைக்க வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று நடக்கலாம். மும்முனை இணைப்புள்ள வீட்டில், சமையலறையும் ஹாலும் வேறுவேறு பேஸில் இருந்து, அடுப்பைப் போட்டதும் சமையலறையில் வோல்டேஜ் விழுந்து, ஹாலில் ஏறினால்? மின்சாரம் திரும்பிப் போகும் கம்பியான நியூட்ரல் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். மூன்று பேஸுக்கும் நடுவில் நிலையாக நிற்க வேண்டிய புள்ளி அங்குமிங்கும் நகர ஆரம்பித்திருக்கிறது. முழுக்க அறுந்தால் ஒரு பேஸில் மாட்டிய பொருளுக்கு 400 வோல்ட்டை நெருங்கிக் கிடைக்கும். ஒரு அறை விளக்கு மங்கி இன்னொரு அறை விளக்கு கண்ணைப் பறித்தால் மீட்டர்கூடத் தேவையில்லை. மெயினை அணைத்துவிட்டு ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்யுங்கள். இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். லைன்மேன் வந்து முறுக்கிவிட்டுப் போன பிறகு, ஃபிரிட்ஜ், டிவி, அடுப்பு எல்லாவற்றின் பிளக்கையும் உருவிவிட்டு மெயினைப் போட்டு, ஒவ்வொரு அறையிலும் வோல்ட் மீட்டரைச் செருகிப் பார்த்த பிறகு ஒவ்வொன்றாக மாட்டுங்கள்.