மார்பிளிங்: சதைக்குள் ஓடும் நிணவரி

புதுச்சேரியில் ஓர் உணவகத்தின் மெனு அட்டையில், மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் 'பளிங்கு இறைச்சி' என்று தமிழில் போட்டிருந்தார்கள். மார்பிளிங் என்பதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதன் விளைவு. படித்தால் ஒன்றும் விளங்காது.

சதைக்கு உள்ளேயே மெல்லிய வெள்ளைக் கோடுகளாகக் கொழுப்பு பரவியிருப்பதுதான் மார்பிளிங். வாணலியில் போட்டால் அந்தக் கோடுகள் உருகிச் சதையை நனைக்கும். கறி வறண்டு போகாது. மேலே அப்பியிருக்கும் கொழுப்பு வேறு, அதைக் கத்தியால் சீவி எடுத்துவிடலாம்.

'ஒளிரும் கல்' என்ற பொருளில் கிரேக்கத்தில் தொடங்கிய 'மார்பிள்' என்ற சொல், லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. சலவைக்கல்லில் ஓடும் கோடுகளைப் பார்த்து இறைச்சிக்கு வைத்த பெயர். பிரெஞ்சுக்காரர்களோ 'பெர்சியே' என்கிறார்கள். பெர்சில் என்ற கீரையைப் பொடியாக நறுக்கித் தூவியது போல என்று பொருள். ஜப்பானியர் 'ஷிமொஃபுரி', அதாவது உறைபனி விழுந்தது என்பார்கள். அவரவர் கண்ணில் பட்டதுதான் பெயரானது. நம் பளிங்கோ வேறு. குறளில் வரும் பளிங்கு, அடுத்திருப்பதைக் காட்டும் தெளிவுக்குத்தான் பெயர், கோடுகளுக்கு அல்ல.

சரி, இந்தக் கோடு எப்படி வருகிறது? மாட்டின் உடம்பில் கொழுப்பு முதலில் சிறுநீரகத்தையும் குடலையும் சுற்றிச் சேரும். பிறகு சதைகளுக்கு இடையிலும் தோலுக்கு அடியிலும். கடைசியில்தான் சதைக்குள் போகும். அதனால் வைக்கோலும் மேய்ச்சலுமாக வளர்ந்து, உழுது ஓய்ந்த நம் ஊர் மாட்டில் அது அரிது. அமெரிக்காவில் பல மாதம் மக்காச்சோளத் தீவனம் கொடுத்து, கனத்த எடை வந்த பிறகு அறுப்பது இதற்காகத்தான். அங்கே 12ஆம், 13ஆம் விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டிப் பார்த்து பிரைம், சாய்ஸ், செலக்ட் என்று தரம் பிரிக்கிறார்கள். எடையை ஏற்றிக்கொண்டே போனால் மேற்கொழுப்பும் கூடும், வெறும் சதையின் பங்கு குறையும். இனமும் முக்கியம், ஜப்பானிய இனமான வாக்யூ மாட்டுக்கு இந்தக் குணம் பிறவியிலேயே உண்டு.

தமிழில் என்ன சொல்லலாம்? கறிக்கடையில் 'கொழுப்பு உள்ளே ஓடியிருக்கு' என்கிறார்கள். அந்த 'உள்ளே ஓடியிருக்கு' என்பதில்தான் முழுப் பொருளும் இருக்கிறது. கொழுப்புக்குச் சங்க இலக்கியத்தில் 'நிணம்' என்ற நல்ல சொல் உண்டு. வேங்கைப்புலியின் மேல் ஓடும் கோட்டுக்கு 'வரி' இருக்கிறது. இரண்டையும் சேர்த்து 'நிணவரி' என்கிறேன். அந்த மெனு அட்டையில் 'நிணவரி ஓடிய கறி' என்று போட்டிருந்தால், தட்டில் என்ன வரும் என்று எனக்குத் தெரிந்திருக்கும்.