தனி செல்லுக்கு மாற்றினால் கண்ணாடி எங்கே போகும்?

போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு அம்மா என் வக்கீல் ஆபீசுக்கு வந்தார். குலசேகரம் பக்கம். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர், கொலை முயற்சி வழக்கில் ரிமாண்டில் இருந்தார். ஜாமீன் எப்போது என்றுதான் கேட்பார் என்று நினைத்து நான் ஃபைலை எடுத்தால், அவர் கேட்டது வேறு. "சாரே, அவருக்க கண்ணாடி எங்க போச்சு?"

மனு பார்க்க, அதாவது சிறையில் வீட்டுக்காரரைச் சந்திக்கப் போனபோது அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. உள்ளே ஏதோ வாய்த்தகராறு, அதில் இவரைத் தனி செல்லுக்கு மாற்றிவிட்டார்கள். துணிப்பை பழைய பிளாக்கிலேயே கிடந்துவிட்டது. ரெண்டு கைலி, ஒரு துவர்த்து, சுகர் மாத்திரை, செபமாலை, அப்புறம் வாசிக்கிற கண்ணாடி. ஒன்பது நாள் கழித்துப் பை வந்தது, கண்ணாடி வரவில்லை. கண்ணாடி இல்லாத மனுஷன், கோர்ட்டில் கொடுத்த குற்றப்பத்திரிகை நகலை ஒன்பது நாளும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு ஒரு வரி வாசிக்காமல் இருந்திருக்கிறார். எந்தச் சிறை என்று இங்கே சொல்லவில்லை, அது இப்போது முக்கியமும் இல்லை.

செல் என்றதும் எல்லாரும் "தனிமைச் சிறை" என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் சட்டம் அப்படி ஒன்றாகப் பார்ப்பதில்லை. தனிமைச் சிறை என்பது தண்டனை. அதைக் கொடுக்கிற அதிகாரம் கோர்ட்டுக்கு மட்டும்தான், அதுவும் கடுங்காவல் தண்டனையின் ஒரு பகுதியாக. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 73, 74 என்று இருந்த பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 11, 12. மொத்தத்தில் 3 மாதத்துக்கு மேல் கூடாது, ஒரே மூச்சில் 14 நாளுக்கு மேல் கூடாது, நடுவில் குறைந்தது அதே அளவு இடைவெளி விட வேண்டும். தண்டனையே ஆகாத விசாரணைக் கைதிக்கு இதைப் போட முடியாது. சிறை ஒழுங்கை மீறியதற்குக் கண்காணிப்பாளர் பிரித்து வைக்கலாம், அதற்கு 1894-ஆம் ஆண்டு சிறைகள் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்படிப் பிரித்து வைக்கப்படுகிறவர் மற்றக் கைதிகளின் கண்பார்வையில் இருக்க வேண்டும், பேச்சைத்தான் தடுக்கலாம், ஆளையே மறைத்து வைக்கக் கூடாது. அதே சட்டத்தின் 29-வது பிரிவைக் குடும்பத்தார் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்: தனி அறையில் இருப்பவர் எந்த நேரத்திலும் சிறை அலுவலரைக் கூப்பிட வழி இருக்க வேண்டும், 24 மணி நேரத்தைத் தாண்டினால் தினமும் ஒரு தடவையாவது மருத்துவப் பணியாளர் வந்து பார்க்க வேண்டும். தண்டனையாகப் போட்டாலும் வேறு காரணத்துக்குப் போட்டாலும் இதுதான் விதி. நம்ம ஆளுக்குச் சுகர் மாத்திரை ஒன்பது நாள் இல்லை என்றால், அந்த மருத்துவ வருகை நடந்ததா என்பதுதான் நான் மனுவில் கேட்ட முதல் கேள்வி.

1978-இல் சுனில் பத்ரா வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு, மரண தண்டனைக் கைதியைக்கூடச் சிறைகள் சட்டத்தின் 30-வது பிரிவைக் காட்டித் தனிமையில் பூட்ட முடியாது என்றது. அதே பத்ரா பிறகு சக கைதி ஒருவர் வதைபட்டதைப் பற்றி உள்ளே இருந்து ஒரு கடிதம் எழுதினார், அதையே உச்ச நீதிமன்றம் மனுவாக எடுத்துக்கொண்டது. ஒற்றைத் தாளில் பேனாவால் எழுதினாலும் மனு மனுதான் என்று கட்சிக்காரர்களிடம் நான் சொல்வது இதை வைத்துத்தான்.

பிரித்து வைப்பதில் இன்னொரு வகை உண்டு, நம்ம தென் மாவட்டத்துக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் சாதிவாரியாக பிளாக் பிரித்திருந்ததை எதிர்த்து ஒரு வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மோதலைத் தவிர்க்கத்தான் என்று அரசு சொன்ன காரணம் அங்கே எடுபட்டது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறையில் சாதிப் பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்தபோது அந்தக் காரணத்தையும் ஏற்கவில்லை. ஒழுங்கைக் காப்பது சிறை நிர்வாகத்தின் வேலை, அதற்குச் சாதியைச் சுவராக வைக்க முடியாது. இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் "எந்த பிளாக்கில் போட்டிருக்காங்க" என்று குடும்பம் கேட்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி எனக்குப் புரிந்தும் பல வருஷம் சும்மா பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சரி, பொருளுக்கு வருவோம். கைது செய்யும்போது உடம்பில் இருக்க வேண்டிய துணி தவிர மற்றதை போலீஸ் எடுத்தால் பத்திரமாக வைக்க வேண்டும், கைதானவருக்கு ரசீது தர வேண்டும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ், பிரிவு 49). சிறைக்குள் போன பின் அவரோடு வந்த பணமும் சாமானும் ஜெயிலர் பொறுப்பு, இது சிறைகள் சட்டம் 25. விசாரணைக் கைதி சொந்தத் துணி, படுக்கை, சாப்பாடு வெளியிலிருந்து பெறலாம், சோதனை உண்டு. வழியில்லாதவருக்குத் துணியும் படுக்கையும் சிறைதான் தர வேண்டும். இதெல்லாம் செல்லுக்கு மாற்றியதும் ரத்தாகிவிடாது. நடைமுறையில் தொலைவது மாற்றுகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான். காவல் நிலையத்தில் ஒரு ரசீது, சிறை வாசலில் ஒரு பதிவு, பிளாக்கிலிருந்து செல்லுக்கு மாறும்போது ஒன்றுமே இல்லை. அதனால் முதல் மனு பார்க்கும்போதே உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டு வீட்டில் ஒரு தாளில் தேதியோடு எழுதி வையுங்கள். அந்த அம்மா ரேஷன் கடைப் பையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அதை அப்படியே டைப் அடித்து மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தேன், சிறையிடம் அறிக்கை கேட்டார். நாலாம் நாள் கண்ணாடி கிடைத்தது, ஒரு பக்கக் கம்பி உடைந்து.

குண்டர் சட்டத்தில் உள்ளே இருப்பவர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். 12 மாதம் வரை வைக்கலாம், ஆனால் அது தண்டனை இல்லை, தடுப்புக் காவல். காரணங்களை 5 நாளுக்குள் கொடுக்க வேண்டும், கூடவே ஒரு பெரிய காகிதக் கட்டு வரும். அந்தக் கட்டுதான் அவருடைய மிக முக்கியமான சொத்து. செல் சோதனையில் அது போனால் எதை வைத்து ஆட்சேப மனு எழுதுவார்? விளவங்கோடு பக்கம் மலையாளம் மட்டுமே வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரிந்த மொழியில் தராமல் விட்டால் உத்தரவே நிற்காமல் போகலாம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்குக் கூப்பிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாகக் கிடைக்கும்.

வெளியே இருக்கிற சொத்தைப் பற்றியும் தப்பான நம்பிக்கை நிறைய. ஜெயிலுக்குப் போனால் நிலத்தை விற்க முடியாது, கையெழுத்து செல்லாது என்று புரோக்கர்கள் சொல்வார்கள், விலையைக் குறைக்கத்தான். 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, சொத்து வாங்கவும் வைத்திருக்கவும் விற்கவும் சிறைவாசம் தடையில்லை என்று. வழக்கில் கோர்ட் எதையாவது முடக்கியிருந்தால் மட்டும் கதை வேறு. பதிவுச் சட்டம் 33, 38 பிரிவுகளின்படி சிறையில் இருப்பவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வர வேண்டியதில்லை, சார்பதிவாளர் அங்கே போகலாம், இல்லாவிட்டால் ஆணையர் ஒருவரை அனுப்பலாம்.

பால்வெட்டுக்காரர் குடும்பத்துக்கும் வழக்குச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. ஒன்பது சென்ட் நிலம், மனைவி பெயருக்குப் பவர். சிறை அலுவலகத்தில் ஒரு மர மேசை, காய்ந்துபோன மை டப்பா, அதில் ஒருவர் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கட்டைவிரல் வைத்தால் போதும் என்றார்கள். அவர் மடியிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார், உடைந்த பக்கத்துக்குக் கைலி நூலைத் திரித்துக் காதில் மாட்டுகிற மாதிரி கட்டியிருந்தார். நாலு பக்கம். வந்தவர்கள் ரெண்டு தடவை மணி பார்த்தார்கள். அவர் நான்கு எல்லைகளையும் விரல் வைத்து வாசித்து முடித்து, வடக்கு எல்லையில் பக்கத்து நிலத்துக்காரர் பெயரில் ஓர் எழுத்து தப்பு என்று சொன்னார். தப்புதான், திருத்தினோம்.