காபிக் குவளையின் வாயும் காதும்

புதுச்சேரியை அடுத்த ஒரு மட்பாண்டக் கூடத்தில் நான் முதன்முதலாகக் காது, அதாவது கைப்பிடி, ஒட்டி முடித்த குவளை, ஈர மண்ணாக இருந்தபோது என் இரண்டு விரல்களுக்கும் தாராளமாக இடம் கொடுத்தது. மூன்று வாரம் கழித்துச் சூளையிலிருந்து வெளிவந்த அதே குவளையின் காதில் ஆள்காட்டி விரல் மட்டுமே நுழைந்தது. நடுவிரலின் கணு குவளையின் சுவரைத் தொட்டுக்கொண்டே இருந்ததால், சூடான காபியை ஊற்றித் தூக்கிய மறுகணமே கீழே வைக்க வேண்டியதாயிற்று. இன்று அதில் பேனாக்கள் நிற்கின்றன. (மக் என்றதும் நம் ஊரில் குளியலறை வாளியில் மிதக்கும் பிளாஸ்டிக் பாத்திரமே நினைவுக்கு வரும் என்பதால், இங்கே குவளை என்றே எழுதுகிறேன்.)

நான் தவறவிட்டது மண் சுருங்கும் கணக்கை. களிமண் என்பது மிக நுண்ணிய தட்டுகளின் குவியல். தட்டுகளுக்கு இடையே உள்ள நீர்ப்படலமே அவற்றை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவிட்டு, மண்ணை வனைவதற்கு இணங்க வைக்கிறது. பாண்டம் உலரும்போது அந்த நீர் வெளியேற, தட்டுகள் நெருங்கி வருகின்றன. பின்னர் சூளையின் வெப்பம் 1,200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மண்ணில் கலந்துள்ள பெல்ட்ஸ்பார் போன்ற கனிமங்கள் உருகித் துளைகளை அடைக்க, பாண்டம் மேலும் இறுகுகிறது. ஊறுகாய் ஜாடிகளின் இனத்தைச் சேர்ந்த ஸ்டோன்வேர் மண், ஈரநிலையிலிருந்து சுட்டு முடிப்பதற்குள் நீளத்தில் ஏறத்தாழ 10 முதல் 13 விழுக்காடு வரை குறையும். 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 10 சென்டிமீட்டர் விட்டத்தில் வனைந்தது 8.8 சென்டிமீட்டராக வரும். இது பெரிய இழப்பாகத் தோன்றாது. ஆனால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து குறைவதால், கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. சுட்டபின் 350 மில்லிலிட்டர் கொள்ள வேண்டிய குவளையை 515 மில்லிலிட்டர் கொள்ளும்படி வனைய வேண்டும். சக்கரத்தின் முன் அமர்ந்திருக்கும்போது அது காபிக் குவளையாகவே தெரியாது, சிறிய சொம்பைப் போலத் தெரியும்.

1971-இல் மட்பாண்டக் கலைஞர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற கூடத்தைத் தொடங்கியதிலிருந்து, அந்நகரையும் ஆரோவில்லையும் சுற்றி ஸ்டோன்வேர் செய்யும் கூடங்கள் பல தோன்றியுள்ளன. அத்தகைய கூடங்களில் விற்பனைக்கு அடுக்கியிருக்கும் குவளைகளைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்க்கிறார்கள். பழகியவர்களோ முதலில் காதைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறார்கள், அதிலும் குவளையில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு. காரணம் எளிய இயற்பியல். வெறுங்குவளை 350 கிராம், அதிலுள்ள காபி 250 கிராம் என்றால், கையில் தொங்குவது 600 கிராம். அதன் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய குவளையின் நட்டநடுவில், விரல்களிலிருந்து ஆறு, ஆறரை சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே எடை கீழ்நோக்கி இழுப்பதோடு நில்லாமல், குவளையின் வாயை நமக்கு அப்பால் கவிழ்க்கவும் பார்க்கிறது. காதின் மேற்பகுதியை ஒரு விரல் உள்ளிருந்து தன் பக்கம் இழுக்க, கீழே இன்னொரு விரல் காதின் வெளிப்புறத்தைக் குவளையை நோக்கித் தள்ள, இந்த இரண்டு எதிரெதிர் விசைகளும் சேர்ந்தே அந்தக் கவிழ்தலைத் தடுக்கின்றன. இவ்விரு விரல்களுக்கும் இடையே 4 சென்டிமீட்டர் இருந்தால், ஒவ்வொரு விரலும் ஏறக்குறைய ஒரு கிலோ எடைக்கு ஈடான விசையைத் தர வேண்டும். காது சிறுத்து அந்த இடைவெளி 2 சென்டிமீட்டராகக் குறைந்தால், விசை இரண்டு கிலோவாகிவிடும். ஒற்றை விரல் காது வைத்த பெரிய குவளை கைக்கு வலியைத் தருவது இதனால்தான். அதைப் பிடித்திருப்பவர் தம்மையறியாமல் மறுகையைக் குவளையின் அடியில் கொண்டுபோவதைக் கவனித்திருப்பீர்கள்.

காதைப் பெரிதாக்கிக் குவளையிலிருந்து வெகுவாக விலக்கிவிட்டால் தீர்ந்ததா என்றால், இல்லை. காது வெளியே போகப் போக ஈர்ப்பு மையத்துக்கும் விரலுக்கும் உள்ள தூரம் கூடி, கவிழ்க்கும் விசையும் வளரும். விரற்கணு சுவரில் படாத அளவுக்கு இடைவெளி வேண்டும், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம்.

சூட்டைப் பொறுத்தவரை மண் நமக்குச் சாதகமான பொருள். துருப்பிடிக்காத எஃகு, சுட்ட மண்ணைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும். சுவரிலிருந்து மண் காதுக்குள் ஏறும் வெப்பம் போகும் வழியெல்லாம் காற்றுக்குக் கசிந்துவிடுவதால், விரல் பருமனுள்ள காதில் ஒட்டிய இடத்திலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் தள்ளினாலே, காற்றைவிடக் கூடுதலாக உள்ள மிகைச்சூடு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்று கணக்கிடலாம். எஃகில் அதே தணிவுக்கு ஆறு சென்டிமீட்டர் போக வேண்டும். ஆனால் மண்ணின் எடை காபியின் சூட்டைத் தின்னும். 30 டிகிரியில் இருக்கும் 350 கிராம் குவளையில் 85 டிகிரிக் காபியை 250 மில்லிலிட்டர் ஊற்றினால், குவளையைச் சூடேற்றுவதிலேயே அது 73 டிகிரிக்கு அருகே இறங்கிவிடும். கனமான குவளையை முதலில் வெந்நீரில் அலசச் சொல்வதில் மூடநம்பிக்கை ஏதும் இல்லை.

எல்லாவற்றிலும் நுட்பமான இடம் வாய்தான். வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதற்குப் பழகிய நம் டம்ளரின் விளிம்பு, வெளிப்பக்கம் மடிந்து நிற்கும். அதனால் காபி விளிம்பைவிட்டுத் துண்டாகப் பிரிந்து விழும். மண் குவளையோ உதடு வைத்து உறிஞ்சுவதற்கானது. அதில் இரண்டு தேவைகள் மோதுகின்றன: உதட்டுக்கு உருண்ட, வழவழப்பான விளிம்பு வேண்டும், சொட்டாமல் இருப்பதற்குக் கூரான விளிம்பு வேண்டும். மெதுவாகச் சரியும் திரவம் உருண்ட விளிம்பைச் சுற்றி வளைந்து, சுவரின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கும். தேநீர்க் குடுவையின் மூக்கிலும் இதே தொல்லை உண்டு என்பதால், 1956-இல் மார்க்கஸ் ரெய்னர் என்ற அறிவியலாளர் இதற்குத் தேநீர்க் குடுவை விளைவு என்று பெயரிட்டார். 2010-இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் சிலர், திரவம் மேற்பரப்பை எவ்வளவு நனைக்கிறது என்பதும் விளிம்பின் வளைவும் சேர்ந்தே இதைத் தீர்மானிக்கின்றன என்று காட்டினார்கள். நீரை அறவே விலக்கும் பூச்சு பூசினால் ஒழுகல் நின்றுவிடும். ஆனால் காபிக் குவளையின் மேலுள்ள கண்ணாடிப் பூச்சு நீரால் நன்றாக நனையும் பொருள். எனவே எஞ்சியிருப்பது விளிம்பின் வடிவம் ஒன்றுதான்.

தேர்ந்த கைகள் இதற்குக் கண்டுள்ள சமரசம் இப்படி: சுவர் நான்கைந்து மில்லிமீட்டர் இருந்தாலும், விளிம்பை நோக்கி அது படிப்படியாக மெலிந்து மூன்று மில்லிமீட்டருக்கு வருகிறது; உட்பக்கம் உதட்டுக்குள் வழிந்து செல்லும்படி மென்மையாகச் சரிகிறது; வெளிப்பக்கம் மட்டும் சட்டென்று திரும்புகிறது. சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே நனைத்த மெல்லிய தோல் துண்டை விளிம்பின்மேல் மடித்துப் பிடித்து இதைச் செய்கிறார்கள். அந்த அழுத்தம் துகள்களை நெருக்குவதால், பிற்பாடு விளிம்பு பிளப்பதும் குறைகிறது. கூர்மையை அளவோடு நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் சூளைக்குள் இருக்கிறது. உருகிய கண்ணாடிப் பூச்சைப் பரப்பு இழுவிசை கூரான ஓரங்களிலிருந்து பின்னுக்கு இழுத்துவிடும். அங்கே பூச்சு மெலிந்து, உதட்டுக்கு மண்ணின் சொரசொரப்பே மிஞ்சும்.

காது ஒட்டும் நேரமும் முக்கியமானது. குவளை பாதி உலர்ந்து, தொட்டால் குழியாமலும் அழுத்தினால் நொறுங்காமலும் இருக்கும் பதத்தில், இரு பரப்புகளையும் கீறி, மண் குழம்பு தடவி ஒட்டுவார்கள். காது அதைவிட ஈரமாக இருந்தால், அது கூடுதலாகச் சுருங்கி ஒட்டிய இடத்தில் விரிசல் விடும், அல்லது வட்டமான வாயைத் தன் பக்கம் இழுத்து முட்டை வடிவமாக்கும். ஆகவே ஒட்டிய குவளையைத் துணியோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தி, பெரும்பாலும் தலைகீழாகக் கவிழ்த்து, நாள்கணக்கில் மெதுவாக உலர்த்துகிறார்கள்.

இரண்டாவது முறை நான் அளவுகோலோடு உட்கார்ந்தேன். காதுக்கும் சுவருக்கும் நடுவே ஈர மண்ணில் 28 மில்லிமீட்டர் விட்டேன். சூளையிலிருந்து ஏறக்குறைய 25 மில்லிமீட்டராக வந்தது. இரண்டு விரல்களும் நுழைந்தன, கணு சுடவில்லை. காது மட்டும் செங்குத்தாக நிற்காமல் ஒருபக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சக்கரத்தில் சுழன்றபடி மேலேறிய மண்ணில் அந்த முறுக்கு தங்கியிருந்து, சுடும்போது மீண்டும் திருகிக்கொள்ளும் என்றார் கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் அவர் ஒட்டும் காதுகள் ஈரத்தில் இருக்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு மயிரிழை சாய்ந்திருக்கின்றன.