கிசான் தவணை வரவில்லையா? பாஸ்புக்கை மூடிவிட்டு மூன்று வரிகளைப் பாருங்கள்

விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பி.எம். கிசான் உதவித்தொகை நின்றுபோனால் பலரும் முதலில் பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குத்தான் ஓடுகிறார்கள். தேவை பாஸ்புக் அல்ல, திட்டத்தின் பதிவு எண். திட்டத்தின் இணையதளத்தில் அந்த எண்ணையும் கைப்பேசிக்கு வரும் ஓடிபியையும் கொடுத்தால் நில இணைப்பு, இ-கேஒய்சி (மின்னணு அடையாளச் சரிபார்ப்பு), ஆதார்-வங்கி இணைப்பு என்று மூன்று வரிகள் தெரியும். மூன்றிலும் 'ஆம்' இருக்க வேண்டும். நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000, ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்ற தொகை எங்கே தடைபட்டது என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

அதிகம் குழப்புவது மூன்றாவது வரி. "ஆதாரை எப்பவோ குடுத்துட்டேனே" என்பார்கள். கணக்குத் திறக்க ஆதார் நகல் கொடுத்தது வேறு, மானியம் பெற அந்தக் கணக்கை ஆதாரோடு இணைத்தது வேறு. தவணை ஆதார் எண்ணை வைத்துத்தான் அனுப்பப்படுகிறது. அந்த எண்ணுக்கு எந்த வங்கி என்பதை, வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ அமைப்பின் பட்டியல் சொல்லும். அதில் ஒரு நேரத்தில் ஒரு வங்கிதான் இருக்கும், கடைசியாக இணைத்ததே செல்லும். கைப்பேசிக் கடையில் சிம் வாங்கும்போது கைரேகை வைத்துத் திறந்த கணக்கில் பணம் சத்தமில்லாமல் விழுந்துகொண்டிருக்கலாம். ஆதார் இணையதளத்தில் 'வங்கி இணைப்பு நிலை' பார்த்தால் வங்கியின் பெயர் தெரியும். மாற்ற வேண்டுமானால், விருப்பமான வங்கிக் கிளையில் "மானியம் பெற ஆதார் இணைப்பு" என்றே எழுதிக் கொடுங்கள். வெறும் "ஆதார் லிங்க்" என்றால் கேஒய்சியை மட்டும் புதுப்பித்து அனுப்பிவிடுவார்கள்.

இ-கேஒய்சி எளிது: ஓடிபி, பொது சேவை மையத்தில் கைரேகை, அல்லது செயலியில் முகப்பதிவு. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாது; அவர்களுக்கு முகப்பதிவே நல்லது.

நில இணைப்பு 'இல்லை' என்றால் பட்டாவில் சிக்கல். தாத்தா பெயரிலேயே பட்டா கிடந்தால் பேரன் உழுதாலும் பணம் வராது. வாரிசுச் சான்றோடு பட்டா மாறுதல் செய்தாக வேண்டும். நிலம் 1.2.2019-க்கு முன்பே உங்கள் பெயரில் இருந்திருக்க வேண்டும். உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. பட்டாவில் தந்தை பெயரோடு முழுப்பெயர், ஆதாரில் இனிஷியல் என்றிருந்தால், பட்டா, ஆதார் நகல்களோடு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். குத்தகைக்கு உழுபவருக்கு ஒரு பைசா கிடையாது. திட்டத்தின் பெரிய ஓட்டையே இதுதான்.

கணவன், மனைவி இருவர் பெயரிலும் நிலம் இருந்தாலும் குடும்பத்தில் ஒருவருக்குத்தான் தவணை. வருமான வரி கட்டியவர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர் (கடைநிலை ஊழியராக இருந்தவர் நீங்கலாக) தகுதியில்லை. வாங்கியிருந்தால் திருப்பிக் கட்டியாக வேண்டும். 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடைத்தரகர்கள் வழியாகப் பட்டியலில் நுழைந்து, சுமார் 110 கோடி ரூபாய் போனது. சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது, வங்கிக் கணக்குகளிலிருந்தே பணம் மீட்கப்பட்டது. கமிஷன் வாங்கிய தரகரிடம் அல்ல, கணக்கு வைத்திருந்தவரிடம்தான் வசூல்.

வாட்ஸ்அப்பில் 'கிசான்' என்ற பெயரில் ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் தொடாதீர்கள். தொட்டுப் பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930. தவணை பற்றிய புகாருக்கு 155261.